ஓடுகிறவனுக்கு ஒரு குரு

படிக்கிற காலத்தில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத நம் சீனியர் அண்ணன்கள் சிலர் இப்போது காலை ஐந்து மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மிக்க மகிழ்ச்சி. அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஒரு கோச் வெச்சுக்கணும் தம்பி. பக்கத்து கிரவுண்டுல இருக்கறவர்கிட்ட போறதா, இல்ல எங்கேயோ உக்காந்துகிட்டு ஃபோன்ல அட்டவணை அனுப்பறாரே, அவர்கிட்டயா?"

செல்ஃபோன் வருவதற்கு வெகு காலம் முன்பே ஓட்டக்காரர்களுக்கு இந்தப் பிரச்னை இருந்தது. அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

ஜெர்மனியில் வால்டெமார் கெர்ஷ்லர் என்று ஒரு பயிற்சியாளர். அவருடைய சீடர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். 1955 வரை அந்தச் சாதனையை யாராலும் அசைக்க முடியவில்லை. ஃப்ரைபர்க் நகரில் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் கெர்ஷ்லரும் சேர்ந்து ஓட்டப் பயிற்சியையே ஒரு கணக்காக்கினார்கள். வேகமாக ஓடு, நாடித்துடிப்பு 180 வரை ஏறட்டும். பிறகு ஓய்வு. 90 விநாடிக்குள் 120-க்கு இறங்கிவிட்டால் மறுபடி ஓடு. இறங்கவில்லையா? ஓடியது அதிகம், குறைத்துக்கொள்.

இந்த முறைக்கு ஒரு சௌகரியம். எண்களுக்கு பாஸ்போர்ட் வேண்டாம். லக்ஸம்பர்க்கின் ஜோஸி பார்த்தெல், இங்கிலாந்தின் கார்டன் பிரீ போன்ற வெளிநாட்டு வீரர்களும் கெர்ஷ்லரின் சீடர்களானார்கள். பிரீ 1956-ல் 5000 மீட்டரில் உலக சாதனை படைத்தார். பார்த்தெல் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கத்தை எல்லோரும் அசரும்படி தட்டிச் சென்றார்.

அந்தப் பந்தயத்தில் நாலாவதாக வந்தவர் ரோஜர் பானிஸ்டர். லண்டனில் மருத்துவ மாணவர். 'என் உடம்பு எனக்குத் தெரியாதா' என்று கோச் இல்லாமலேயே பழகியவர். ஹெல்சிங்கிக்குப் பிறகு, 1953 கடைசியில், நண்பர்கள் கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவேயோடு சேர்ந்து ஃப்ரான்ஸ் ஸ்டாம்ஃப்ல் என்ற ஆஸ்திரியரிடம் பயிற்சிக்கு வந்தார்.

பயிற்சி என்ன? கால் மைல் ஓட்டம் பத்து முறை, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. டிசம்பரில் ஒவ்வொன்றும் 66 விநாடி. வசந்தத்தில் 61. அதற்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது! பானிஸ்டரும் பிராஷரும் ஓட்டத்தை அப்படியே போட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போனார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்து ஓடினால் 59.

1954 மே 6. ஆக்ஸ்ஃபோர்டில் பந்தயம். அன்று பலத்த காற்று. இன்றைக்கு முயல்வதா, சக்தியைச் சேர்த்துவைத்து இன்னொரு நாள் பார்ப்பதா? லண்டனிலிருந்து போகிற ரயிலில் தற்செயலாக ஸ்டாம்ஃப்லும் இருந்தார். உன்னால் 3 நிமிடம் 56 விநாடியில் ஓட முடியும், காற்று தின்பது போக மிச்சம் இருக்கும். கிடைத்த வாய்ப்பை விட்டால் பிறகு உன்னையே மன்னிக்க மாட்டாய் என்கிற பொருளில் பேசினார். மாலையில் மாதா கோயில் கொடியின் படபடப்பு சற்றே அடங்கியது. பானிஸ்டர் சரி என்றார். ஒரு மைல், 3 நிமிடம் 59.4 விநாடி. உலகத்தில் முதல் முறையாக நாலு நிமிடத்துக்குள்!

அந்த ரயில் பேச்சு எந்த அட்டவணையிலும் வராது. குளிர்காலம் முழுக்க அந்தப் பையன் ஓடுவதைப் பார்த்திருந்ததால்தான் 56 என்ற எண்ணை ஸ்டாம்ஃப்லால் துணிந்து சொல்ல முடிந்தது.

மூன்றாவது உதாரணம் நம்ம ஜாதி, அதாவது இன்ஜினியர் ஜாதி! செபாஸ்டியன் கோவின் கோச், அவர் அப்பா பீட்டர் கோ. ஓட்டக்காரர் அல்ல, ஒரு இன்ஜினியர். மகன் லஃப்பரோ பல்கலைக்கழகம் போனதும் அங்கே ஜார்ஜ் காண்டி என்பவர் உடல் வலுப் பயிற்சியைக் கவனித்தார். மொத்தத் திட்டம் ஷெஃபீல்டில் இருந்த அப்பா கையில். 1979-ல் 800 மீட்டர், மைல், 1500 மீட்டர் என மூன்று உலக சாதனைகள் 41 நாளில்! தூரத்தில் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்ற ஏற்பாடும் நன்றாகவே நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு விஷயம் இதற்குள் புரிந்திருக்கும். எல்லாம் ஃபீட்பேக்தான். கெர்ஷ்லரின் கணக்கில் அது நாடித்துடிப்பு, ஸ்டாம்ஃப்லுக்குத் தன் சொந்தக் கண். தூரம் எத்தனை கிலோமீட்டர் என்பது இரண்டாம் பட்சம். இன்று உங்களுக்கு நேர்ந்தது அவருக்குப் போய்ச் சேர்ந்து, நாளைய பயிற்சி அதனால் மாறுகிறதா? அதுதான் கேள்வி.

ஆகவே அண்ணன்மார்களே, பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள். "முழங்கால் வலிக்குதுன்னு நான் சொன்னா நாளைய அட்டவணை மாறுமா?" "போன மாசம் யாரையாவது 'இன்னிக்கு ஓடாதே'ன்னு நிறுத்தினீங்களா?" ஒழுங்காகப் பதில் சொல்கிறவர் அமெரிக்காவில் இருந்தாலும் சேரலாம். இதுவரை ஓடியே பழக்கமில்லாதவர்கள் மட்டும் முதல் சில மாதமாவது நேரில் பார்க்கிற ஒருவரிடம் போங்கள். கால் எப்படி விழுகிறது என்று நமக்கே தெரியாதபோது, அதை ஃபோனில் எப்படிச் சொல்வது? நாற்பதைத் தாண்டியவர்கள் கோச்சுக்கு முன்னால் ஒரு டாக்டரையும் பார்த்துவிடுவது உத்தமம்.

அடுத்த சந்திப்பில் எல்லோரும் தொப்பை குறைந்து வர வாழ்த்துக்கள்!