ஏரியில் அளந்த ஒலியின் வேகம்

நீரில் ஒலி என்ன வேகத்தில் செல்கிறது? இதை அறிய 1826-ஆம் ஆண்டில் கொலாடன், ஸ்டர்ம் ஆகிய இருவரும் அகன்ற ஜெனீவா ஏரியைத் தேர்ந்தெடுத்தனர். குளத்தில் ஒலி நொடிக்குள் கரை சேர்ந்துவிடும். அக்காலக் கடிகாரத்தால் அதை அளக்க இயலாது.

இரவில் இரு படகுகள் 13,487 மீட்டர் இடைவெளியில் நின்றன. ஒன்றில், நீருக்குள் தொங்கிய மணியைச் சுத்தியல் அடித்த கணமே வெடிமருந்து பளிச்சிட்டது. மற்றதில் கொலாடன், நீரில் இறக்கிய நீண்ட குழாயில் காதை வைத்திருந்தார். ஒளியைக் கண்டதிலிருந்து ஓசை கேட்கும்வரை ஆன நேரம் சுமார் 9.4 வினாடி.

வகுத்துப் பாருங்கள்: வினாடிக்கு ஏறத்தாழ 1,435 மீட்டர். நீரின் வெப்பநிலை அன்று சுமார் 8 டிகிரி செல்சியஸ். அதே வெப்பநிலையில் தூய நீருக்கு இன்றைய மதிப்பு சுமார் 1,439 மீட்டர். எளிய கருவிகளும் கவனமும் அவர்களை உண்மைக்கு இவ்வளவு அருகில் கொண்டு சேர்த்தன.