இரும்பு மாத்திரையின் இன்னொரு பாதி

பிரசவ வார்டில் நாங்கள் அதை இரும்பு மாத்திரை என்றுதான் சொல்வோம். 1970-ல் மத்திய அரசு கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இலவசமாகத் தர ஆரம்பித்தபோது அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருந்தன. நர்ஸாக இருந்த காலம் முழுக்க அந்த மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்தவள் நான். "கறுப்பா வெளிக்குப் போகுது சிஸ்டர்", "தின்னா பிள்ளை பெருத்துப் போயிடுமாமே" என்கிற புகார்கள் எல்லாம் இரும்பின் மேல்தான். மற்றப் பாதியைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

இரும்பின் கதை பழையது. சித்த வைத்தியர்கள் பாண்டு என்கிற ரத்தசோகைக்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரம், 1830களில் பிரான்சில் பியர் பிளோ என்ற மருத்துவர் உருட்டிய மாத்திரை, எங்கள் வார்டு டப்பாவில் இருந்தது, மூன்றுக்கும் அடிப்படை ஒரே இரும்பு உப்புதான்.

மற்றப் பாதி கிடைக்க லூசி வில்ஸ் என்ற ஆய்வாளர் வர வேண்டியிருந்தது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இருந்த அவர், மருத்துவர் மார்கரெட் பால்ஃபோர் அழைத்ததன் பேரில் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி மில் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. இரும்பு கொடுத்தும் பலனில்லை. வில்ஸ் அவர்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று விசாரித்தார். அதே சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். எலிகளுக்கும் ரத்தம் குறைந்தது. ஆனால் அதில் பேன் பரப்பிய கிருமிக்கும் பங்கு இருந்ததால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு குரங்குகள். தேறாத குரங்கு ஒன்றுக்கு மார்மைட் கொடுத்தார். பீர் வடித்த பின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்கிற, ரொட்டியில் தடவும் மலிவான கறுப்புப் பசை அது. குரங்கு பிழைத்தது. பெண்களுக்கும் கொடுத்தார், சில நாட்களிலேயே தேற ஆரம்பித்தார்கள். 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை எழுதினார்.

இந்த வேலை பம்பாயோடு நிற்கவில்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931 தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணி மருத்துவமனை ஒன்றிலும் அவர் ஆராய்ந்திருக்கிறார். ஆண் டாக்டர் முன்னால் வர மறுத்த பெண்களுக்காக 1885-ல் தொடங்கிய மருத்துவமனை அது. இன்று கஸ்தூர்பா பெயரில் இருக்கிறது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் போதும், நேரே கொண்டுபோய் விடுவார்.

மார்மைட்டில் என்ன இருந்தது என்பது வில்ஸுக்கே அப்போது தெரியாது. 1941-ல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக்கீரையை வடித்து அந்தப் பொருளான ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தார்கள். அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய லெடர்லி மருந்து நிறுவனக் குழுவுக்குத் தலைவர் யெல்லப்பிரகட சுப்பாராவ்; கதர் உடுத்தி வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்து, சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ்ஸோடு வெளியேறியவர். இந்த இரண்டு பேரையும் எங்கள் பயிற்சி வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மாத்திரையை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு எண்ணியிருப்போம்.

அந்த மாத்திரையை வாங்கும்போது பிரசவமான பெண்கள் என்னிடம் அதிகம் கேட்டது, "எனக்கே ரத்தமில்ல, என் பால்ல சத்து இருக்குமா?" என்பதுதான். பாலில் இரும்பு எப்போதும் சொற்பம், லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட வராது. தாய் வெளுத்திருந்தாலும் சிவந்திருந்தாலும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. பாலில் இவ்வளவு குறைவு என்பதையும், பிள்ளை தன் ஈரலில் இரும்பைச் சேர்த்துக்கொண்டுதான் பிறக்கிறது என்பதையும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாசல் நகரத்தில் குஸ்தாவ் புங்கே சொல்லிவிட்டார். நிறை மாதத்தில், போதிய எடையோடு பிறந்த பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் தாங்கும். குறை மாதப் பிள்ளைக்குத் தாங்காது; கடைசி மூன்று மாதத்தில்தான் பெரும்பகுதி சேரும்.

ஃபோலிக் அமிலம் அப்படியல்ல. தாயின் கையிருப்பு வற்றினாலும் பாலுக்குப் போக வேண்டியது போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை கொழுகொழுவென்று இருக்க, தாய் தேய்வாள். வீட்டில் பார்ப்பவர்களுக்குப் பிள்ளையின் கன்னம்தான் தெரியும்.

ஆகவே பிரசவத்துக்குப் பிந்திய மாத்திரை முக்கியமாகத் தாய்க்கானது. அங்கேதான் சிக்கல். வசதியான வீட்டில் ஈரலும் சுவரொட்டியும் வதக்கிக் கொடுப்பார்கள். இல்லாத வீட்டில் பூண்டு ரசமும் சோறும்தான்; கீரை கேட்டால் பிள்ளைக்குச் சீதளம் என்று தடுப்பார்கள். மாத்திரையோ, "அதான் பிள்ளை பொறந்தாச்சே" என்று நின்றுபோகும். வயிற்றில் இருந்தவரை நினைவூட்டி விழுங்க வைத்த அதே மாமியார்தான் இப்படிச் சொல்வார். 2018-ல் வந்த விதிப்படி பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட வேண்டும். அதற்குள் அவள் தாய் வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்கு இடம் மாறியிருப்பாள், அட்டை அலமாரியில் கிடக்கும்.

தடுப்பூசிக்கு மட்டும் தவறாமல் வருவார்கள், ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில். பிள்ளையின் தொடையில் ஊசி போட்ட கையோடு தாயின் கீழிமையை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். "எனக்கு எதுக்கு சிஸ்டர்?" என்று சிரிப்பார்கள். வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி, புது அட்டையைக் கையில் வைத்து, முதல் மாத்திரையை என் எதிரிலேயே விழுங்கச் சொல்வேன்.