தோலும் தண்ணீரும்

அடமானத்துக்கு வருகிற பழைய கிரயப் பத்திரங்களைப் படித்துக் குறிப்பெடுப்பது பாங்கில் என் வேலைகளில் ஒன்று. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள கிராமங்களின் பத்திரங்களில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: கிணற்றில் நாலில் ஒரு பங்கு, கமலை இறைத்துக்கொள்ளும் பாத்தியம், மாடு போய்வரும் தடப் பாத்தியம். கமலை போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. முந்தின பத்திரத்தைப் பார்த்து அடுத்ததை எழுதுவதால் பாத்தியம் மட்டும் தொடர்ந்து வருகிறது. பல இடங்களில் கிணறே இப்போது உபயோகத்தில் இல்லை.

இந்திய கிராமங்களைச் சின்னக் குடியரசுகள் என்று 1830ல் சார்லஸ் மெட்காஃப் தன் குறிப்பில் எழுதினார். ராஜ்யங்கள் வந்து போகும், கிராமம் அப்படியே நிற்கும் என்பது அவர் எண்ணம். காந்தியவாதிகள் இதை லட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். நம் கதைகள் இதையே ஏக்கமாக மாற்றிக்கொண்டன. கமலைச் சத்தம் நம் எழுத்தில் ஏறக்குறைய ஒரு சங்கீதமாகிவிட்டது. அதைக் கேட்டு உருகுகிறவர்கள் கமலையின் பாகங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

திண்டுக்கல் சமவெளி, கிழக்கே சிறுமலைக்கும் மேற்கே கொடைக்கானல் மலைக்கும் நடுவே கிடக்கும் பூமி. இங்கு பெரிய ஆற்றுப் பாசனம் இல்லை. வடக்கே போய் அமராவதியில் சேரும் குடகனாறு மழைக்கு ஓடும், பிறகு மணலாகக் கிடக்கும். குளத்தை நம்பினால் ஒரு போகம். மீதிக்குக் கிணறுதான். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட்டுக் கூனை மேலே ஏறும். மேலே வந்ததும் அதன் தோல் வால் தொட்டிப் பக்கம் சாய்ந்து தண்ணீரைக் கொட்டும். கூனை இரும்புக்கு மாறின பிறகும் வால் தோலாகவே இருந்தது. மடங்கி நிமிரவும் வேண்டும், ஒழுகவும் கூடாது. அதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லை.

அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? செத்த மாட்டைத் தூக்கிப்போவது அருந்ததியர் மீது ஊர் சுமத்திய கடமை. தோல் அவருக்கு. அதைப் பதப்படுத்தி வாலும் வாரும் செருப்பும் தைத்துத் தருவது மறுபடியும் கடமை. பதிலுக்கு அறுப்புக் காலத்தில் களத்தில் தானியம் அளந்து போடுவார்கள். இந்தப் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். கட்டுப்பட்டுக் கிடந்ததற்குக் கிடைத்த கூலிக்கு எப்படி இந்தப் பெயர் வந்ததோ, மொழிதான் சொல்லவேண்டும். அவர் தைத்த வால் பகல் முழுக்கக் கிணற்றுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதே கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்ள முடியாது. யாராவது ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். குடியரசின் பாசன ஏற்பாடு இது.

1875ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் போயிற்று. சுருட்டைப் போலவே தோலும் திண்டுக்கல்லின் சரக்காயிற்று. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிடும் தோல் ஷாப்புகள் ஊர் ஓரத்தில் எழுந்தன. தோலுக்குக் கிராமத்துக்கு வெளியே ரொக்க விலை வந்தது. தோலோடு ஆட்களும் போனார்கள். களத்துத் தானியத்தை விட்டுவந்தவருக்கு ஷாப்பில் கிடைத்தது சுண்ணாம்புக் குழியும் முன்பணக் கடனும். டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் (2010) இதைச் சொல்கிறது. இவர்களின் சங்கம் எப்படிப் பிறந்தது என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் நாவல் நிற்பது ஷாப்பின் உள்ளே. கழிவுநீர் போகிற வழியில் இருக்கிற கிணறு வேறொரு கதை.

1950களிலும் 60களிலும் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. 1969ல் பாங்குகள் தேசியமயமான பிறகு மோட்டாருக்கும் கிணற்றை ஆழப்படுத்தவும் கடன் தாராளமாயிற்று. மோட்டாருக்குத் தோல் வால் வேண்டாம். எனவே வால் தைப்பவரும் வேண்டாம், அவருக்கு அளக்கவேண்டிய தானியமும் வேண்டாம். பழைய கட்டு எந்தப் போராட்டமும் இல்லாமல் அறுந்தது. அறுந்ததில் அவருக்கு விடுதலை உண்டு. அந்த வருஷத்துச் சாப்பாடு போனதும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத சரித்திரம் பாதிப் பொய். மோட்டார் வாங்கின விவசாயியோ புதிய இரண்டு எஜமானர்களிடம் சிக்கினார்: மின்வாரியம், கடன். கட்டணக் குறைப்பும் கடன் தள்ளுபடியும் கேட்ட கிளர்ச்சியில் 1978ல் வேடசந்தூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. விவசாயிகள் செத்தார்கள்.

இதற்குள் ஷாப்புகளும் மாறிக்கொண்டிருந்தன. பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை 1970களில் அரசு கட்டுப்படுத்தியது. முழுதும் பதனிட்ட தோலுக்கு ஊக்கம் தந்தது. பட்டை இருந்த இடத்துக்குக் குரோமியம் வந்தது. தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பும் கூடவே கழுவி வெளியே விடப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் ஷாப்புகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களை ஒரு தன்னார்வ அமைப்பு ஆராய்ந்த கணக்கும் தீர்ப்பில் இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. நான் பார்த்த அச்சுப்பிரதியில் ரெட்டியார்சத்திரத்தின் பெயர்கூடச் சரியாக விழவில்லை.

மாட்டுத் தோல் ஒரு காலத்தில் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரை மேலே கொண்டுவந்தது. பிறகு அதே தோல் டவுனுக்குப் போய், கழுவின தண்ணீராகத் திரும்பி வந்து கிணற்றுக்குள் இறங்கியது. டவுன் கிராமத்தைக் கெடுத்தது என்று இதைச் சுருக்கிவிடலாம். அந்தத் தோலை அதற்கு முன்பு கிராமம் யாரிடம் எந்த விலைக்கு வாங்கிற்று என்ற கேள்வி அப்போது விட்டுப்போகும்.

போன வருஷம் ஒரு பெரியவர் நகைக்கடனைத் திருப்ப வந்திருந்தார். மகன் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை. பேத்தி நர்ஸ் படிப்பு. நிலத்தை வைத்து வாங்கினால் வட்டி குறையுமே என்று கேட்டேன். சிரித்தார். கிணற்றில் தண்ணீர் இல்லையா என்றேன்.

“தண்ணிக்கு என்ன தம்பி, நெறையக் கெடக்கு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிரும்.”

அவருடைய பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தேன். கிணற்றில் நாலில் ஒரு பங்கு இருந்தது. கமலைப் பாத்தியம் இருந்தது. மாடு போய்வரும் தடமும் இருந்தது. ஒரு காலத்தில் ஜாதி பார்த்துத் தான் தொடவிடுவார்கள். இப்போது அந்தக் கிணற்றை யாரும் தொடுவதில்லை.