ஒரு பதிவேடு, மூன்று தலைமுறை

பி.காம். படிக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் பேரேடு ஞாபகம்தான் வரும். இந்த முறை நான் எடுத்துக்கொண்டது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. எங்கள் பொதட்டூர்பேட்டை மாதிரி எல்லை ஊரில், யார் பெயர் அதில் ஏறியது, எந்த மொழியில் படித்தார்கள் என்பதே ஒரு சரித்திரம்.

1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணிப் பகுதி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது, சித்தூரோடு நாங்களும் அங்கே போனோம். ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959-ம் வருடச் சட்டம் எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்கு வந்தோம். என் தாத்தா படித்தது தெலுங்கில், அப்பா படித்தது தமிழில். நாங்கள் வீடு மாறவில்லை, மாநிலம்தான் மாறியது!

அடுத்தது தறி. எங்களுடையது நெசவாளர் ஊர். தார் சுற்ற ஒரு சின்னக் கை வேண்டும்; அந்தக் கை பள்ளிக்குப் போனால் கூலியில் இடிக்கும். பெயர் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை தறிக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பிள்ளைகளை இழுத்து வந்ததில் சோற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கியபோது நாங்கள் ஆந்திராவில் இருந்தோம். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது இங்கே இருந்தோம்.

எல்லை மாறி சரியாக 50 வருடம் கழித்து, 2010 ஏப்ரல் 1-ல் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். அதாவது 61 பேரில் ஒருவன் வேறு பள்ளிக்குப் போனாலே ஓர் ஆசிரியர் இடம் ஆட்டம் காணும்!

மொழிக் கணக்கும் முடியவில்லை. 2006 தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாகப் பத்தாம் வகுப்பு வரை வந்தபோது, வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023-ல் அந்த ஒரு வருடத் தேர்வுக்கு விலக்கு கிடைத்தது.

"எண்ணிக்கை குறைவு, பள்ளியை மூடிவிடலாம்" என்று யாராவது சொன்னால், ஏன் குறைந்தது என்று முதலில் கேளுங்கள். மொழியா, கூலியா, சோறா? வவுச்சர் இல்லாத கணக்கை எங்கள் வாத்தியாரே ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு பள்ளியை மூட மட்டும் அது போதுமா?