கூண்டேறாத சாட்சி

1693 ஆகஸ்ட் 28 அன்று சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஜேம்ஸ் வீலர் என்பவர் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் குழுவில் அவரும் ஒருவர். நோயில் இருந்தவருக்குக் கோட்டை மருத்துவர் சாமுவேல் பிரௌன் முத்தைப் பொடித்து மருந்தாகக் கொடுத்திருந்தார். அந்த முத்தை இடித்த கல்லுரலில் அதற்கு முன் பாஷாணம் இடித்திருக்கிறார்கள். உரலில் ஒட்டியிருந்தது முத்துப்பொடியோடு சேர்ந்து நோயாளியின் வயிற்றுக்குள் போய்விட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, தவறு நேர்ந்துவிட்டது என்று பிரௌன் தாமே கோட்டை நிர்வாகத்துக்கு எழுதி ஒப்புக்கொண்டார். எட்வர்ட் பல்க்லி என்ற இன்னொரு கம்பெனி மருத்துவர் உடலை அறுத்துப் பார்த்தார். இந்தியாவில் பதிவாகியிருக்கும் முதல் சட்டமுறைப் பிரேதப் பரிசோதனை என்று மருத்துவ வரலாற்று நூல்கள் இதைத்தான் சொல்கின்றன. ஜூரிகள் வழக்குக்கு ஆதாரம் போதாது என்று கருதி பிரௌனை விட்டுவிட்டார்கள். பின்னாளில் இதே பிரௌன் சென்னையைச் சுற்றியுள்ள செடிகொடிகளைத் தமிழ்ப் பெயர்களோடு திரட்டி லண்டனுக்கு அனுப்பினார். தாவரவியல் வரலாற்றில் அவருக்கு நல்ல பெயர் உண்டு.

பல்க்லியால் கண்ணால் பார்க்க மட்டுமே முடிந்தது. குடல் சிவந்திருக்கிறதா, இரைப்பை புண்ணாகியிருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். அதற்குக் காரணம் பாஷாணம்தான் என்று நிறுவ அன்று உலகில் எவரிடமும் வழி கிடையாது. பிரௌன் எழுதிய கடிதம் இல்லாவிட்டால் அந்தச் சாவு கோட்டைக் கல்லறையில் இன்னொரு காய்ச்சல் சாவாகப் போயிருக்கும். ஆனால் தடய அறிவியலின் பின்னாளைய வரலாறு முழுவதும் எந்தக் கேள்வியைச் சுற்றி நடந்ததோ, அந்தக் கேள்வி இந்த முதல் வழக்கிலேயே இருக்கிறது. பாத்திரம் சுத்தமாக இருந்ததா? ஆய்வுக்கூடங்கள் இந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளப் பழகின. நம் குற்றவியல் சட்டம் மட்டும், ஆய்வுக்கூடத்தைப் பார்த்து இதைக் கேட்கும் உரிமையைக் குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்குக் கொடுக்கத் தயங்கியது, ஒருமுறை கொடுத்தது, பிறகு எடுத்துக்கொண்டது. அது பெரும் பிழை என்பது என் வாதம்.

ஆர்சனிக் என்ற வெள்ளைப் பாஷாணத்துக்குச் சுவையும் மணமும் இல்லை. சாப்பாட்டில் கலந்தால் தெரியாது. தின்றவருக்கு வாந்தியும் பேதியும் வரும். காலரா ஆண்டுதோறும் வந்துபோன நாடுகளில் இதைவிடப் பொருத்தமான மறைவு கொலைகாரனுக்குக் கிடைக்காது. 1830களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு பேரன் தாத்தாவைக் காப்பியில் விஷம் வைத்துக் கொன்றதாக வழக்கு நடந்தது. வுல்விச் ஆயுதத் தொழிற்சாலையின் வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் சோதித்துப் பார்த்து மஞ்சள் நிறப் படிவு கண்டார். ஜூரிகள் முன் கொண்டுவருவதற்குள் அது கெட்டுப்போனது, பேரன் விடுதலையானான். மார்ஷ் விடவில்லை. 1836இல் அவர் வெளியிட்ட சோதனையில், சந்தேகப் பொருளோடு துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்க்க வேண்டும். எழும் வாயுவைக் கண்ணாடிக் குழாய் வழியே விட்டுக் குழாயைச் சூடாக்கினால், பாஷாணம் இருக்கும் பட்சத்தில் குழாயின் உட்புறம் கறுத்துப் பளபளக்கும் ஒரு படலம் பிடிக்கும். அதை அப்படியே நீதிமன்றத்துக்கு எடுத்துப்போகலாம். மிகச் சிறிய அளவையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுக்கும் அந்தத் திறமையிலேயே ஆபத்தும் இருந்தது. துத்தநாகத்தில் இயல்பாகவே ஆர்சனிக் கலந்திருப்பதுண்டு. பிணத்தில் இல்லாத விஷத்தைச் சோதனைப் பொருளே கொண்டுவந்து காட்டிவிடும். 1840இல் பிரான்சின் தூல் நகரில் நடந்த லஃபார்ஜ் வழக்கில் உலகமே இதைப் பார்த்தது. கணவனைக் கொன்றதாக ஓர் இளம்பெண் மீது குற்றச்சாட்டு. உள்ளூர் நிபுணர்கள் ஒரு சோதனையில் விஷம் இருக்கிறது என்றார்கள், மறு சோதனையில் இல்லை என்றார்கள். கடைசியில் பாரிஸிலிருந்து நச்சியல் மேதை ஓர்ஃபிலா வந்து இருக்கிறது என்று முடிவு சொன்னார். அத்தோடு நிற்காமல், இது தாம் பயன்படுத்திய பொருள்களிலிருந்து வந்ததில்லை, சவப்பெட்டியைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்தும் வந்ததில்லை என்று விளக்கவும் செய்தார். அவரை மறுக்க எதிர்த்தரப்பு அழைத்த ரஸ்பாய் என்ற வேதியியலாளர் வந்து சேர்வதற்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை. அவள் கொன்றாளா இல்லையா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. வேதியியலுக்கு அதனால் கிடைத்த பாடம் உறுதியானது: பிணத்தின் பங்கைச் சோதிக்கும் முன், எதுவும் சேர்க்காமல் வெறும் துத்தநாகத்தையும் அமிலத்தையும் வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், மார்ஷ் சோதனையைவிட இந்த வெறுஞ்சோதனைதான் பெரிய கண்டுபிடிப்பு.

இந்த அறிவு சென்னைக்குச் சீக்கிரமே வந்தது. 1849இல் சென்னை மாகாணத்தில் அரசு இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல். கல்கத்தாவில் 1853இலும் ஆக்ராவில் 1864இலும் பம்பாயில் 1870இலும் மற்றவை வந்தன. கஞ்சாம் முதல் திருநெல்வேலி வரை, மேற்கே மலபாரையும் சேர்த்து, இவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கு இந்த ஓர் ஆய்வுக்கூடம். மாதிரிகள் வந்து சேரத் தொடக்கத்தில் ரயிலும் கிடையாது; இராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியதே 1856இல்தான். அரளி, ஊமத்தை, எருக்கு, அபின், பாஷாணம் என்று நாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சுகள் எத்தனையோ. வழிப்போக்கருக்குச் சோற்றில் ஊமத்தை விதை கலந்து கொடுத்து மயக்கிக் கொள்ளையடிப்பது அன்று பரவலான குற்றம். தோலுக்காக மாடுகளைக் கொல்லும் கும்பல்கள் வட இந்தியாவில் குன்றிமணியை அரைத்து, முள்ளாகத் திரட்டிக் காயவைத்து, மாட்டின் தோலுக்குள் குத்திவிடுவார்கள். 1856இல் கல்கத்தாவில் நார்மன் செவர்ஸ் வங்காளத்துக்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் என்றே ஒரு மருத்துவச் சட்ட நூலை எழுதி வெளியிட்டார். ஐரோப்பியப் புத்தகங்கள் இந்த நாட்டு நஞ்சுகளுக்குப் போதவில்லை.

ஒரு சந்தேக மரணத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். போலீஸ் பஞ்சாயத்தாரை வைத்துப் பிரேத விசாரணை செய்யும். மருத்துவர் உடலை அறுத்து, இரைப்பையும் அதில் இருப்பதும், சிறுகுடலின் முதல் பகுதியில் ஒரு துண்டும், கல்லீரலில் ஒரு துண்டும், சிறுநீரகத்தில் பாதியும் எடுப்பார். அகன்ற வாய்ச் சீசாக்களில் போட்டு, கெடாமல் இருக்க நிறைகரைசலான உப்புநீர் ஊற்றி, மூடி, அரக்கு முத்திரை வைப்பார். இவற்றோடு இன்னொரு சீசாவும் போகும். அதில் உறுப்பு எதுவும் இருக்காது, அதே உப்புநீர் மட்டும் இருக்கும். உப்பிலேயே நஞ்சு இருந்தால் அது கண்டுபிடித்துச் சொல்லிவிடும். புதைத்த பிணத்தைத் தோண்டினால் உடலுக்கு மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள மண்ணைத் தனித்தனியே எடுத்து அனுப்புவதும் இதே காரணத்துக்காகத்தான். முத்திரை உடையாமல் வந்ததா, மாதிரி முத்திரையோடு பொருந்துகிறதா என்று ஆய்வுக்கூடத்தில் முதலில் பார்ப்பார்கள். அந்த வெறும் உப்புநீர்ச் சீசா எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது. தான் தவறியிருக்கலாம் என்று ஓர் அறிவியல் கையெழுத்துப் போட்டு அனுப்பும் ஒப்புதல் அது.

ஆனால் அந்தச் சீசாவைப் பற்றிக் கேள்வி கேட்க நீதிமன்றத்தில் யாரும் இருக்க வேண்டியதில்லை என்று சட்டம் சொன்னது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510ஆம் பிரிவின்படி, இரசாயனப் பரிசோதகர் அல்லது உதவிப் பரிசோதகர் கையெழுத்திட்ட அறிக்கையையே நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் நேரில் வர வேண்டாம். உடலை அறுத்த மருத்துவர் கூண்டேறிச் சத்தியம் செய்து சொன்னால்தான் அவர் அறிக்கைக்கு உயிர். அதே உடலின் துண்டைச் சோதித்தவருக்கு ஒரு தாள் போதும். தூக்குக் கயிறு பல நேரம் இரண்டாமவர் சொல்லில்தான் தொங்கியது.

இதற்கு வலுவான நியாயம் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மாகாணம் முழுவதுக்கும் ஓரிரு பரிசோதகர்கள். அவர்கள் மதுரைக்கும் கோழிக்கோட்டுக்கும் விசாகப்பட்டினத்துக்கும் சாட்சி சொல்லப் போய்க்கொண்டிருந்தால் சீசாக்கள் மேசையில் கிடந்து அழுகியிருக்கும். தவிரவும், ஆய்வுக்கூடம் தூக்குமேடைக்கு மட்டும் ஆள் அனுப்பவில்லை. ஊரில் ஒருவர் திடீரென்று செத்தால் சக்களத்தி மீதோ மருமகள் மீதோ பங்காளி மீதோ பழி விழும். நஞ்சு இல்லை என்று சென்னையிலிருந்து வந்த ஒற்றை வரி அப்படிப் பழி சுமந்தவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. வதந்தியைவிட அறிக்கை மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த நியாயம் ஆள் பற்றாக்குறையிலிருந்து பிறந்தது. எல்லா வழக்கிலும் பரிசோதகர் வர வேண்டாம் என்பதற்கு அது போதும். எதிரி கேட்டாலும் வர வேண்டாம் என்பதற்குப் போதாது.

நேரில் வந்து விளக்கும் சாட்சியால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1952 ஆகஸ்டில் நடந்த ஆளவந்தார் என்பவரின் கொலையில், தலையில்லாத உடல் ரயில் பெட்டிக்குள் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்து மானாமதுரையில் அகப்பட்டது; தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. மானாமதுரையில் முதலில் பார்த்த மருத்துவர் இறந்தவருக்குச் சுமார் 25 வயது என்றார். சென்னை மருத்துவக் கல்லூரியின் சி.பி.கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் சேர்த்து ஆராய்ந்து, இரண்டும் ஒருவருடையவைதான், வயது நாற்பதைத் தாண்டியது என்றார். இறந்தவர் ராணுவத்தில் இருந்தவர்; அங்கிருந்த கைரேகையும் ஒத்துப்போனது. தகுதியுள்ள ஒரு மருத்துவர் ஏறக்குறைய இருபது வயது தவறியிருக்கிறார். இன்னொருவர் அதைக் காரணம் காட்டித் திருத்தியிருக்கிறார். இரண்டாவது முடிவை நீதிமன்றம் நம்பியதற்குக் காரணம் அவருடைய பதவி மட்டுமில்லை, எலும்பையும் பல்லையும் வைத்து அவர் சொன்ன விளக்கம் கேள்விகளுக்கு ஈடுகொடுத்து நின்றது. முதல் கருத்து யாரும் கேள்வி கேட்க முடியாத தாளாக இருந்திருந்தால் அது இறந்தவரை அடையாளமற்றவராகவே ஆக்கியிருக்கும்.

நீதிபதிகள் எந்த அறிக்கையையும் வேதவாக்காக எடுப்பதில்லையே என்று கேட்கலாம். அதுவும் உண்மை. 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு புனே மருத்துவரின் வழக்கில், இறந்த பெண்ணின் உறுப்புகளில் நஞ்சு எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் சொத்துக்காக அந்த மருத்துவர் செய்த போலிக் கையெழுத்துகளையும் மறைப்புகளையும் கோத்துப் பார்த்து, நஞ்சால்தான் சாவு என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். ஆய்வுக்கூடத்தின் மௌனம் அவர்களைக் கட்டிப்போடவில்லை. ஆனால் நஞ்சு இல்லை என்ற அறிக்கையை மற்றச் சான்றுகளால் தாண்டுவது வேறு. நஞ்சு உண்டு என்ற அறிக்கையில் எங்கே பிழை என்று தேடுவது வேறு. பின்னதற்கு எந்தச் சோதனை, எவ்வளவு அளவு, வெறுஞ்சோதனை ஓட்டினார்களா, சீசா எத்தனை நாள் எங்கே இருந்தது என்பதெல்லாம் தெரிய வேண்டும். மூன்று வரி அறிக்கையை எவ்வளவு கூர்மையான நீதிபதி உற்றுப் பார்த்தாலும் அதில் இல்லாததை அவரால் படிக்க முடியாது.

1955இல் நாடாளுமன்றம் இதைப் புரிந்துகொண்டு 510ஆம் பிரிவைத் திருத்தியது. அரசுத் தரப்போ எதிரியோ மனு செய்தால், நீதிமன்றம் பரிசோதகரை அழைத்து விசாரித்தே ஆக வேண்டும் என்று புதிய உட்பிரிவு வந்தது. 1973இல் புதிய சட்டம் எழுதியபோது அந்தக் கட்டாயம் காணாமல் போனது. 293ஆம் பிரிவின்படி நீதிமன்றம் விரும்பினால் அழைக்கலாம், அவ்வளவே. கைரேகைப் பிரிவு, வெடிபொருள் துறை, தடய அறிவியல் ஆய்வுக்கூடங்கள் என்று சலுகை பெறுவோர் பட்டியலில் பலர் இடம்பெற்றார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவும் அதே வாசகத்தையே வைத்திருக்கிறது. அதே சட்டம், ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல ஏற்பாடு, வரவேற்கிறேன். இனி அறிக்கைகள் பல மடங்கு பெருகும்.

நிபுணர்களை இழுத்தடித்தால் நீதிமன்றமே முடங்கிவிடும் என்ற அச்சம் அமெரிக்காவிலும் எழுந்தது. 2009இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாசசூசெட்ஸ் மாநில வழக்கொன்றில், சோதனை செய்தவரைக் குறுக்கு விசாரணை செய்வது எதிரியின் உரிமை என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றங்கள் முடங்கவில்லை, பெரும்பாலான வழக்குகளில் யாரும் நிபுணரை அழைப்பதே இல்லை. அதே மாநிலத்தில் ஒரே ஒரு பரிசோதகர் சோதிக்காமலே சோதித்ததாக எழுதியது பின்னர் வெளிப்பட்டு, 2017இல் 21,000க்கும் மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகளைத் தள்ளுபடி செய்ய வேண்டியிருந்தது. இப்போது காணொளியில் சாட்சி சொல்ல நம் சட்டமே இடம் தருகிறது. சென்னை மயிலாப்பூர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தபடியே நாகர்கோவில் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லலாம். 1849இன் தூரமும் 1898இன் ஆள் பஞ்சமும் இன்று காரணமாக முடியாது. 1955இல் இருந்த அந்த உட்பிரிவை, எதிரி மனு செய்தால் நிபுணரை அழைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தோடு, 329ஆம் பிரிவில் திரும்பச் சேர்க்க வேண்டும். வெறுஞ்சோதனையின் முடிவையும் சோதனை முறையையும் அறிக்கையோடு இணைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.