அட்டையும் பெட்டியும்

மலேசியாவில் நம் ஒவ்வொருவருக்கும் 12 இலக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம். பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்தால் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். பாஸ்வர்டை அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டோம். இந்த எண்ணை மட்டும் கிளினிக்கில், கைப்பேசிக் கடையில், கோண்டோ வாசலில் என்று கேட்ட இடத்திலெல்லாம் கொடுத்துவிடுகிறோம். ஐசி கொடு என்றால் கை தானாகப் பர்ஸுக்குப் போகிறது. அந்தப் பழக்கத்தைத் தேடிப் போனால் நம்முடைய ரப்பர் தோட்டங்களுக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது.

1948 ஜூன் 16, சுங்கை சிப்புட். எல்பில் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையும், பின் சூன் தோட்டத்தில் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் உடனே அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது மலாயா முழுவதற்கும் வந்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் அரசு 12 வயதைத் தாண்டிய எல்லோரையும் பதிவு செய்யத் தொடங்கியது. புகைப்படமும் பெருவிரல் ரேகையும் வைத்த ஒரு காகித அட்டை. இன்று பர்ஸில் இருக்கும் மைகார்டின் பாட்டன் அதுதான்.

அரசுக்கு அன்று இருந்த சிக்கல் எளிமையானது. காட்டிலிருந்து வந்தவனையும் தோட்டத்தில் பால் வெட்டுகிறவனையும் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் தெரியாது. எதிரிக்கு அடையாளம் ஒட்ட முடியாது. அதனால் எதிரி அல்லாத எல்லோருக்கும் ஒட்டினார்கள். அட்டை இல்லாதவன் சந்தேகத்துக்குரியவன். பொறியாளனாக யோசித்தால் கெட்டிக்கார வேலைதான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

கெரில்லாக்களுக்கும் அது உடனே புரிந்தது. பஸ்ஸை நிறுத்திப் பயணிகளின் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தார்கள், எரித்தார்கள். பதிவுக்காகப் படம் பிடிக்க வந்தவர்களையும் தாக்கினார்கள். தனியாக மரம் வெட்டப் போன தோட்டத்து மக்களிடமும் அட்டையைப் பறித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். பாதுகாப்புத் துறையில் எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு: எதை, யாரிடமிருந்து, யாருக்காகக் காப்பாற்றுகிறோம்? விடியற்காலை பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, இருட்டில் தன் நெரைக்குத் தனியாகப் போகும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வேலி வாசலில் சிப்பாய் அட்டையைக் கேட்கிறான். மரங்களுக்கு நடுவே துப்பாக்கியோடு நிற்பவனும் அதே அட்டையைக் கேட்கிறான். முதலாமவனிடம் அட்டை இல்லை என்றால் ஆபத்து. இரண்டாமவனிடம் இருக்கிறது என்றால் ஆபத்து. காட்டில் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் என்ன பதில் சொல்வது? விசாரணை இல்லாமலே தடுப்புக் காவலில் போட அனுமதித்த சட்டங்கள் நடப்பில் இருந்த காலம். அந்த அட்டை காப்பாற்றியது அரசை. அதைச் சுமந்த ஆபத்து அவளுடையது.

1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்த பிறகு சுமார் ஐந்து லட்சம் பேர் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஒரே இடத்தில் கூட்டி வேலி போட்டார்கள். வாசலில் சோதனை, அரிசிக்கு ரேஷன். டின் உணவு விற்கும் கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். காட்டுக்குக் கடத்தினாலும் கெட்டுப்போகட்டும் என்று. இதையெல்லாம் நம் நாவல்களில் கொஞ்சம் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு ஒன்று. அதிகம் பேசப்படாதது.

பேராக்கின் தென்கோடியில் தஞ்சோங் மாலிம். 1952 மார்ச் 25-ஆம் தேதி, தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழுவைப் பதுங்கியிருந்து தாக்கினார்கள். 12 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மைக்கேல் காட்னர் என்ற உதவி மாவட்ட அதிகாரி. உலகப் போரில் ஜெர்மானியச் சிறை முகாமிலிருந்து மரக்குதிரைக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தப்பிப் புகழ்பெற்றவர். புதிதாக வந்திருந்த ஹை கமிஷனர் ஜெரால்டு டெம்ப்ளர் ஊருக்கு வந்து மக்களைத் திட்டித் தீர்த்தார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு, அரிசிப் பங்கீட்டில் வெட்டு. ஒரு ஊரையே தண்டிப்பதா என்று பிரிட்டனிலேயே கண்டனம் எழுந்தது. எழ வேண்டியதுதான்.

பிறகு வீடு வீடாக ஒரு தாள் கொடுத்தார்கள். கம்யூனிஸ்டுகளைப் பற்றித் தெரிந்ததை எழுதலாம், கையெழுத்துப் போட வேண்டாம். தாள்கள் பூட்டி முத்திரையிட்ட பெட்டிகளில் கோலாலம்பூருக்குப் போயின. ஊர்ப் பிரதிநிதிகள் கண்முன்னேயே டெம்ப்ளர் பெட்டிகளைத் திறந்தார். கைதுகள் நடந்தன, ஊரடங்கு தளர்ந்தது.

இதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் பூட்டு இல்லை. எல்லா வீட்டுக்கும் தாள் போனது, எல்லா வீட்டிலிருந்தும் திரும்பி வந்தது என்பதுதான். சொல்ல விஷயம் உள்ளவர் மட்டும் போலீஸ் ஸ்டேஷன் படியேறினால் ஊரே பார்க்கும். காட்டுக்கும் சேதி போகும். எல்லோருமே பெட்டியில் தாள் போடும்போது, போட்டது என்ற செயல் யாரையும் காட்டிக் கொடுக்காது. வெற்றுத்தாள் போட்டவர்தான் எழுதிப் போட்டவரை மறைத்தார்.

டார் என்ற இணைய மறைப்பு வலையமைப்பின் கதையும் இதேதான். அதன் வேர் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. கடற்படை மட்டும் பயன்படுத்தினால், அதில் வருகிற ஒவ்வொருவரும் கடற்படை ஆள் என்று தெரிந்துவிடுமே! அதனால்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

தஞ்சோங் மாலிம் பெட்டியைப் புகழ வரவில்லை. பட்டினியைக் காட்டி வாங்கிய தாள் அது. கையெழுத்து இல்லாவிட்டாலும் எழுத்தின் சாயல் யாருடையது என்று காட்டும். எழுதத் தெரியாதவர் வேறொருவர் கையை நம்ப வேண்டும், ரகசியம் அங்கேயே உடைந்தது. ஆனாலும் பேர் தெரியாமல் இருப்பது ஒரு மனிதனைக் காப்பாற்றும் என்பது அந்த அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தனக்குத் தகவல் வேண்டியபோது அதைச் செய்து காட்டியது. அவசரகாலம் 1960-இல் முடிந்தது. பெட்டி போய்விட்டது, அட்டை தங்கிவிட்டது.

தங்கியது சும்மா இல்லை, நிறம் மாறித் தங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமலோ மனுப் போடத் தெரியாமலோ சிவப்பிலேயே நின்றுபோனவர்கள் நம்மில் ஏராளம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றானபோது, பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அவர்களை யாரும் பேர் சொல்லித் துரத்தவில்லை. அட்டையின் நிறம் போதுமானதாக இருந்தது.

2001-இல் அட்டைக்குள் சிப் வந்தது, ரேகையும் அதற்குள் போனது. பாஸ்வர்ட் திருடு போனால் மாற்றலாம், பெருவிரலை எங்கே போய் மாற்றுவது? 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம் கசிந்தது வெளியே வந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகை சுமார் மூன்றே கால் கோடி. பேர், முகவரி, ஐசி எண் எல்லாம் அதில் இருந்தன. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் வந்து 2013-இல் அமலானது. ஆனால் மத்திய, மாநில அரசுகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

ஈப்போவில் கோண்டோ வாசல்களில் இன்னும் ஐசியை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள். சில இடங்களில் காவலாளி தன் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார். 1990-ஆம் ஆண்டுத் தேசியப் பதிவு விதிமுறைகளின்படி ஐசியைக் கேட்டுச் சோதிக்கும் அதிகாரம் பதிவு அதிகாரி, போலீஸ் போன்ற சிலருக்கே உண்டு. தனியார் காவலாளிக்குக் கிடையாது. பெயரையும் கார் நம்பரையும் மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்லலாம். பின்னால் நிற்கும் கார் ஹார்ன் அடிக்கும், அடிக்கட்டும். காவலாளியிடம் மட்டும் கோபப்படாதீர்கள். பெரும்பாலும் நேப்பாளத்திலிருந்து வந்தவராக இருப்பார். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவருடைய பாஸ்போர்ட் யார் அலமாரியில் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.