பொறியியலுக்கு முந்தின ஒரு வருஷம்

அப்துல் கலாம் தன் வரலாற்று நூலான 'அக்னிச் சிறகுக'ளில் ஒரு மனக்குறையைச் சொல்கிறார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலின் கடைசி வருஷத்துக்கு வந்த பிறகுதான், தனக்கு உகந்தது பொறியியல் என்பது அவருக்கு உறைத்தது. இன்டர்மீடியட் முடித்த கையோடு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. நல்லவேளையாக, குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு மூன்று ஆண்டில் பொறியாளராக்கியது. அங்கே இடம் கிடைத்தும் கட்ட வேண்டிய பணம் ஆயிரம் ரூபாய்க்கு அருகில் வந்தது. அக்கா ஸொஹரா தன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

ராமேஸ்வரத்திலிருந்து போன ஒரு பையனுக்கு, பள்ளிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் நடுவே எந்த இடத்தில் வாசல் இருக்கிறது என்பதே தெரியாமல் இருந்தது. அந்த வாசல் அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. இன்டர்மீடியட் என்று இரண்டு வருஷமாக இருந்தது, பியூசி என்று ஒரே வருஷமாகச் சுருங்கியது, பிறகு பிளஸ் டூ என்று பள்ளிக்குள்ளேயே போனது. தமிழ்நாட்டில் எந்த வீட்டுப் பிள்ளை பொறியாளர் ஆகும் என்பதில் இந்த இடமாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

தொடக்கத்தில் இப்படி ஒரு இடைநிலையே இல்லை. 1794இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியபோது வந்து சேர்ந்தவர்கள் எட்டுச் சிறுவர்கள். அவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து அளவுச் சங்கிலியையும் கையில் கொடுத்தது அந்தப் பள்ளியேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து, அடிப்படைப் படிப்பைக் கலைக்கல்லூரியில் முடித்துவிட்டு வா என்ற முறை மெல்ல மெல்ல வேரூன்றியது. எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோரு வருஷப் பள்ளி. பதினோராம் வகுப்பான ஆறாவது ஃபாரத்தோடு அது முடியும். அதன்மேல் இரண்டு வருஷம் இன்டர்மீடியட். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் விருப்பப் பாடமாக எடுத்துத் தேறியவர்களே கிண்டிக்கு மனுப்போட முடிந்தது.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா வந்ததும் இதே வழிதான். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர், ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் படித்து முதல் வகுப்பில் தேறினார். அவருடைய தந்தை பாப்பு சுப்பா ராவ் கிண்டியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசி அனுமதி பெற்று, 1940இல் மகளைச் சேர்த்தார். லலிதாவின் பட்டச் சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சடித்து வைத்திருந்த தாள். அதில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். வாசல் எங்கே இருக்கிறது என்று அறிந்த வீடு என்பதால் அந்தக் கதவு திறந்தது.

வாசல் எவ்வளவு குறுகல் என்பதை 1951ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கணக்கோடு பதிவு செய்திருக்கிறது. வகுப்புவாரி அரசாணையை எதிர்த்துச் சண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மருத்துவப் படிப்பு. அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு மனுவைப் பலரும் மறந்துவிட்டார்கள். சி.ஆர். சீனிவாசன் கேட்டது பொறியியல் கல்லூரியில் இடம். 1950 மார்ச் இன்டர்மீடியட் தேர்வில் விருப்பப் பாடங்களில் அவர் வாங்கியது 450க்கு 369. அப்போது ஆந்திரப் பகுதியையும் உள்ளடக்கிய சென்னை மாநிலம் முழுவதற்கும் அரசு பொறியியல் கல்லூரிகள் நான்கு, மொத்த இடங்கள் 395. அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே வருஷம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது; இட ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) பிரிவு பிறந்தது.

இன்டர்மீடியட்டின் ஆயுள் அதன்பிறகு நெடுநாள் நீடிக்கவில்லை. 1952-53இல் இடைநிலைக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவே இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார். இன்டர்மீடியட்டை எடுத்துவிட்டு அதில் ஒரு வருஷத்தைப் பள்ளியோடு சேர்க்க வேண்டும், பட்டப்படிப்பை மூன்று வருஷமாக்க வேண்டும், பழைய எஸ்.எஸ்.எல்.சி.யோடு வருகிறவர்களுக்குக் கல்லூரியில் ஒரு வருஷப் புகுமுக வகுப்பு வேண்டும் என்றது அந்தக் குழு. 1956இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அந்த வகுப்பு தொடங்கியது. ஏட்டில் அதன் பெயர் புகுமுக வகுப்பு. ஊரில் எல்லோரும் சொன்னது பியூசி.

பொறியியலுக்கு இதனால் ஒரு விசித்திரமான கணக்கு வந்தது. இன்டர்மீடியட்டின் இரண்டு வருஷத்தில் ஒன்று பியூசியாக நின்றது. மற்றொன்று பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்து, நான்கு வருஷ பி.இ.யை ஐந்தாக்கியது. முன்பு 11+2+4, பிறகு 11+1+5. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 17தான். ஆனால் முதல் வகையில் கலைக்கல்லூரி பேராசிரியர் நடத்திய பாடத்தின் ஒரு பாதி, இப்போது பட்டறைக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1959இல் ஜெர்மன் உதவியோடு தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யும் ஐந்து வருஷப் படிப்பைத்தான் எடுத்துக்கொண்டது. முதல் அணியில் 120 பேர். அவர்கள் 1964இல் பட்டம் வாங்கினார்கள்.

இந்த ஐந்தாண்டுப் படிப்பின் தொடக்க வருஷத்தை நேரில் அனுபவித்தவர்கள் பட்டறையை மறப்பதில்லை. எந்தப் பிரிவில் சேரப்போகிறவனானாலும் காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு ஃபிட்டிங், கார்பென்ட்ரி, ஸ்மித்தி என்று ஒவ்வொரு கூடமாகச் சுற்றி வர வேண்டும். ஃபிட்டிங் கூடத்தில் வைஸில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு அரத்தால் ராவ வேண்டும். ராவிய பக்கத்தின் மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார் பயிற்றுநர். இடுக்கில் ஒளிக்கீற்று தெரிந்தால் திரும்பவும் ராவு. உள்ளங்கை கொப்பளித்துக் காய்க்கும் வரை. மாலையில் வரைகலைக் கூடத்தில் டீ-ஸ்கொயரும் கூர்தீட்டிய பென்சிலும். கணக்கும் இயற்பியலும் இவற்றுக்கு நடுவே ஓடும்.

பியூசி இதற்கு நேர்மாறு. அது முழுக்க முழுக்கப் புத்தகமும் தேர்வும். ஜூன், ஜூலையில் சேர்ந்தால் அடுத்த கோடையில் பல்கலைக்கழகத் தேர்வு. அந்த ஒரே தேர்வின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் பொறியியல் இடத்துக்கான முதல் அளவுகோல். அதே காலத்தில் காமராஜர் ஆட்சி ஊர் ஊராகப் பள்ளி திறந்து கட்டணத்தையும் நீக்கியிருந்ததால், வீட்டில் முதன்முதலாகப் படிக்கும் தலைமுறை ஒன்று எஸ்.எஸ்.எல்.சி. முடித்துப் பட்டணத்துக் கல்லூரிக்கு வந்தது. பெரும்பாலோர் அதுவரை தமிழில் படித்தவர்கள். கந்தக அமிலமும் முடுக்கமும் சொல்லி வந்த பையன் முன்னால், கரும்பலகையில் முழுக்க முழுக்க ஆங்கிலம் ஓடியது. பாடம் தெரியாமல் தோற்றவர்களும் உண்டு. தெரிந்த பாடத்தை ஆங்கிலத்தில் எழுத வராமல் தோற்றவர்களும் உண்டு. இன்டர்மீடியட்டில் தட்டுத் தடுமாறித் தேறிக்கொள்ள இரண்டு வருஷம் இருந்தது. பியூசியில் மொழிக்குப் பழகி முடிப்பதற்குள் தேர்வு வந்துவிடும். 'பியூசி ஃபெயில்' என்பதே ஒரு கல்வித்தகுதி போல ஊரில் புழங்கியது.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சேர்ந்தவர்களுக்குப் பியூசியைத் தாண்டும் கட்டாயம் இல்லை. அவர்கள் மூன்று வருஷத்தில் மேற்பார்வையாளர் வேலைக்குப் போனார்கள்.

1964-66இல் டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழு பள்ளிக்கல்வி 12 ஆண்டாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 10+2+3 என்ற கணக்கு நாடெங்கும் பரவியபோது, தமிழ்நாடு 1978இல் மேல்நிலை வகுப்பைத் தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல். அத்தோடு பியூசி மறைந்தது; கல்லூரிகள் ஒரு வருஷ மாணவர் கூட்டத்தை இழந்தன. ஆனால் சிறு ஊர்களில் இருந்த உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாகின. பொறியியலுக்கு வேண்டிய இயற்பியலையும் கணிதத்தையும் படிக்க இனிமேல் பட்டணத்தில் விடுதி தேட வேண்டியதில்லை. அதிலும் தமிழிலேயே படிக்கலாம். கிண்டியையும் எம்.ஐ.டி.யையும் உள்ளடக்கிய அண்ணா பல்கலைக்கழகம் உருவானதும் அதே 1978இல்தான். பி.இ. மறுபடி நான்கு வருஷமானது. 10+2+4 என்றால் 16. 17இலிருந்து ஒரு வருஷம் குறைந்துபோனது.

வாசல் பள்ளிக்குள் போனதும் காவலும் கூடவே போனது. 1984இல் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. நகரத்துப் பயிற்சி மையங்களுக்கு அது நல்ல அறுவடை. கிராமத்துப் பிள்ளைகளை அது பின்தள்ளுகிறது என்ற வாதம் வலுத்து, 2007 சேர்க்கையிலிருந்து சட்டத்தின் மூலம் அது நீக்கப்பட்டது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது.

மொழி மாறும் அதிர்ச்சி மட்டும் இன்னும் தீரவில்லை, அது பி.இ. முதல் வருஷத்துக்கு நகர்ந்திருக்கிறது. எம்-ஒன் என்கிற முதல் பருவக் கணக்கிலும் கிராஃபிக்ஸ் என்கிற வரைகலையிலும் தேறாமல் அரியர் வைப்பவர்களில் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்களைப் பார்க்கலாம். 2017இல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு, புதிய மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்தும்படி கல்லூரிகளிடம் சொன்னது. ஐந்தாண்டு பி.இ.யின் தொடக்கத்தில் ஒரு முழு வருஷம் எடுத்துக்கொண்ட வேலைக்கு இப்போது ஒதுக்கப்பட்டிருப்பது அந்த மூன்று வாரமும், சில கல்லூரிகள் நடத்தும் பிரிட்ஜ் கோர்ஸ் என்கிற இணைப்புப் பாடமும்.